கை வைக்காத மெத்தட் ஏன் உடைகிறது? இன்ஹெரிட்டன்ஸும் பாலிமார்பிசமும் கொண்டுவரும் பிழைகள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: தாய் கிளாஸ் (தரவையும் அதன் மீது வேலை செய்யும் மெத்தட்டுகளையும் சேர்த்து வைத்த நிரல் பகுதி) பல மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ளதை மரபாகப் பெறும் ஒரு பிள்ளை கிளாஸ் எழுதி (இதுதான் இன்ஹெரிட்டன்ஸ்), ஒரே ஒரு மெத்தட்டை மட்டும் ஓவர்ரைடு செய்தீர்கள், அதாவது அதே பெயரில் உங்கள் வடிவத்தை எழுதினீர்கள். அதற்கு டெஸ்ட் எழுதினீர்கள், தேறிவிட்டது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் நீங்கள் கையே வைக்காத வேறொரு மெத்தட் தப்பாக நடந்துகொள்கிறது. பிழை எந்த வரியில் இருக்கிறது, டெஸ்ட் ஏன் அதைப் பிடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

எந்த வரியிலும் இல்லாமல் இருக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு மெத்தட்டையும் தனித்தனியாக எடுத்துப் படித்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். ஒரு கிளாஸுக்குள் இருக்கும் மெத்தட்டுகள் பெரும்பாலும் ஃபீல்டுகள் (கிளாஸிலிருந்து உருவாகும் ஆப்ஜெக்ட் தன்னிடம் வைத்திருக்கும் மதிப்புகள்) வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒன்று எழுதி வைக்கும், இன்னொன்று அதை நம்பி வாசிக்கும். இந்த ஏற்பாடு யாருடைய தலையிலோ இருக்குமே தவிர நிரலில் எங்கேயும் எழுதியிருக்காது, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்கும் தெரியாது. நீங்கள் ஓவர்ரைடு செய்தபோது பேசிக்கொண்டிருந்த இருவரில் ஒருவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் புது ஆளை உட்கார வைத்துவிட்டீர்கள், மற்றவர் இன்னும் பழைய ஆளிடம் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். 'ஆவணம்' என்று ஒரு கிளாஸ். அதில் 'வரிசேர்' என்ற மெத்தட் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு 'மாறியது' என்ற ஃபீல்டை உண்மை என்று ஆக்கும். 'சேமி' என்ற மெத்தட் அந்த ஃபீல்டைப் பார்க்கும். உண்மையாக இருந்தால் மட்டும் டிஸ்க்கில் எழுதிவிட்டு அதைத் திரும்பப் பொய் ஆக்கும். நல்ல, எளிமையான ஏற்பாடு. இப்போது ஒருவர் வேகம் போதவில்லை என்று ஒரு பிள்ளை கிளாஸ் எழுதுகிறார். அதில் 'வரிசேர்' ஓவர்ரைடு ஆகிறது: வரும் வரிகளைத் தனக்கென ஒரு வரிசையில் போட்டு வைக்கும், 100 சேர்ந்ததும் மொத்தமாகத் தாயின் 'வரிசேர்' மெத்தட்டுக்கு அனுப்பும். 'சேமி' மெத்தட்டை அவர் தொடவே இல்லை.

237 வரி சேர்த்துவிட்டுச் சேமித்தால் என்ன ஆகும்? 200 வரி டிஸ்க்கில் இருக்கும், கடைசி 37 காணாமல் போகும். 60 வரி மட்டும் சேர்த்திருந்தால் 'மாறியது' இன்னும் பொய்யாகவே இருக்கும், ஆகவே 'சேமி' எதையும் எழுதாமல் வெற்றிகரமாக முடிந்துவிட்டது என்று திரும்பும். எர்ரர் இல்லை, எக்ஸெப்ஷன் இல்லை, லாகில் ஒரு வார்த்தை இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், டெஸ்ட் எழுதுகிறவர் வட்டமான எண்ணாக இருக்கட்டும் என்று 100 வரியோ 200 வரியோ கொடுத்திருந்தால் 'சேமி' உட்பட எல்லாமே பச்சை காட்டும்.

இந்த மாதிரிப் பிழைகளை ஜெஃப் ஆஃபட், ரோஜர் அலெக்ஸாண்டர் முதலானோர் 2001-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் ஒன்பது வகையாகப் பிரித்தார்கள். மேலே சொன்னது அதில் ஒன்று: தாயின் மெத்தட் எந்த ஃபீல்டுக்கு மதிப்பு வைக்குமோ, ஓவர்ரைடு செய்த மெத்தட் அதை வைக்காமல் விட்டுவிடுவது. அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இன்னொன்று உண்டு. மதிப்பு வைக்கும், ஆனால் தாய் எதிர்பார்க்கிற அர்த்தத்தில் வைக்காது. தாய் கிளாஸ் நீளத்தை எழுத்துக்களில் எண்ணியிருக்கும், பிள்ளை பைட்டுகளில் எண்ணும். தமிழ் உரையில் இது உடனே பல்லிளிக்கும், ஆங்கில உரையில் வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

சரி, அந்தப் பிள்ளை கிளாஸில் 'சேமி' மெத்தட்டையும் ஓவர்ரைடு செய்து, முதலில் வரிசையைக் காலி செய்துவிட்டுத் தாயைக் கூப்பிட்டால் போதாதா? போதலாம். ஆனால் தாயிடம் 'மூடு' என்று ஒரு மெத்தட் இருந்து, அது உள்ளே 'சேமி' மெத்தட்டைக் கூப்பிடுகிறதா, அல்லது நேராக டிஸ்க்கில் எழுதுகிறதா என்று உங்களுக்குத் தெரியுமா? தாயின் நிரலைத் திறந்து படித்தால்தான் தெரியும். படித்து, கூப்பிடுகிறது என்று கண்டுபிடித்து, அதை நம்பி எழுதிவிட்டீர்கள் என்றே வையுங்கள். அடுத்த பதிப்பில் தாயை எழுதுகிறவர் அதை மாற்றமாட்டார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது, ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அது கிளாஸின் உள் விவகாரம். வெளியிலிருந்து பயன்படுத்துகிறவர்களிடம் மறைத்து வைத்ததையெல்லாம் இன்ஹெரிட்டன்ஸ் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டிவிடுகிறது என்பார்களே, அது இதுதான்.

இப்படித் தேடிப் படிப்பதற்கே ஒரு பெயர் உண்டு, யோ-யோ பிரச்சினை. 1989-லிருந்தே புழக்கத்தில் இருக்கிற பெயர். பிள்ளையின் மெத்தட் தாயைக் கூப்பிடும், தாயின் மெத்தட் தன் ஆப்ஜெக்ட்டின் இன்னொரு மெத்தட்டைக் கூப்பிடும், அது பிள்ளையில் ஓவர்ரைடு ஆகியிருப்பதால் அழைப்பு திரும்பக் கீழே வரும், அங்கிருந்து மறுபடி மேலே போகும். மூன்று தலைமுறை ஆழம் இருந்தால், ஒரு மெத்தட் என்ன செய்கிறது என்று சொல்ல ஐந்து ஃபைல் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறமும், எந்த வகை ஆப்ஜெக்ட் வந்து நிற்கிறது என்று தெரியாவிட்டால் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் நிரல் பகுதி. இதில் நானே அடிபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான் வேலை செய்த ஒரு ஜாவா திட்டத்தில் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் 'அமைப்புகளைப் படி' என்ற மெத்தட்டைக் கூப்பிடும். என் பிள்ளை கிளாஸில் அதை ஓவர்ரைடு செய்து, படித்த மதிப்பை என் கிளாஸின் ஒரு ஃபீல்டில் போட்டேன். டிபக்கரில் நிறுத்திப் பார்த்தால் மதிப்பு ஒழுங்காக விழுகிறது. ஆப்ஜெக்ட் உருவாகி வெளியே வந்ததும் பார்த்தால் நல், அதாவது மதிப்பே இல்லை. நடுவில் அந்த ஃபீல்டை மாற்றுகிற வரி எதுவுமே இல்லை. ஒன்றரை நாள் போனது. காரணம் என்னவென்றால், ஃபீல்டை அறிவிக்கும்போது பழக்க தோஷத்தில் "சமம் நல்" என்று எழுதி வைத்திருந்தேன். ஜாவாவில் வரிசை இது: முதலில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் முழுக்க ஓடும், அதற்கப்புறம்தான் பிள்ளையின் ஃபீல்டுகளுக்கு நாம் கொடுத்த தொடக்க மதிப்புகள் வைக்கப்படும், கடைசியில் பிள்ளையின் கன்ஸ்ட்ரக்டர் உடல். ஆக, தாயின் கன்ஸ்ட்ரக்டர் நடக்கும்போதே என் மெத்தட் ஓடி மதிப்பை வைத்தது; பிறகு என்னுடைய "சமம் நல்" வந்து அதை அழித்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தையை நீக்கியதும் சரியாகிவிட்டது. ஒன்றும் எழுதாமல் விடுவதும் நல் என்று எழுதுவதும் ஒன்றுதான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன், அன்றோடு விட்டேன். (உண்மையான திருத்தம் அந்த வார்த்தைகளை நீக்குவதில் இல்லை, கன்ஸ்ட்ரக்டரிலிருந்து அந்த அழைப்பை எடுப்பதுதான். தாய் கிளாஸ் என் கையில் இல்லை, அதனால் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன்.)

இதே விஷயத்தில் மொழிக்கு மொழி நடத்தை வேறு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் நிச்சயம் மாட்டுவார்கள். சி++-இல் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் அந்த ஆப்ஜெக்ட் தாய் வகைதான், ஆகவே வர்ச்சுவல் (ஓவர்ரைடு செய்ய இடம் தரும்) மெத்தட்டைக் கூப்பிட்டாலும் தாயுடையதே ஓடும், உங்கள் ஓவர்ரைடு எட்டிக்கூடப் பார்க்காது. சி ஷார்ப்பில் பிள்ளையின் ஃபீல்டு தொடக்க மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே வைக்கப்பட்டுவிடும், அதனால் நான் விழுந்த குழி அங்கே இல்லை. ஆனால் பிள்ளையின் கன்ஸ்ட்ரக்டர் உடலில் வைக்கும் மதிப்புகள் அப்போதும் வந்திருக்காது. பைத்தானில் பிள்ளை தனக்கென ஒரு இனிட் (கன்ஸ்ட்ரக்டர் மாதிரி) எழுதிக்கொண்டால் தாயின் இனிட் தானாக ஓடாது, நாம்தான் கூப்பிட வேண்டும். மறந்தால் அந்த நேரத்தில் எந்தச் சத்தமும் வராது, எங்கோ ஒரு மெத்தட் இல்லாத ஃபீல்டைத் தொடும்போதுதான் வெடிக்கும். ஜாவா 25-இல், அதாவது 2025-இல், தாயின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே பிள்ளை தன் ஃபீல்டுகளுக்கு மதிப்பு வைத்துக்கொள்ள வழி வந்துவிட்டது. இந்தக் குழியை மூட அது உதவும், ஆனால் பழைய நிரல்கள் பழைய நிரல்கள்தான்.

ஃபீல்டு மறைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாயில் இருக்கிற அதே பெயரில் பிள்ளையிலும் ஃபீல்டு அறிவித்தால் ஆப்ஜெக்ட்டுக்குள் இரண்டு ஃபீல்டு இருக்கும். தாயின் மெத்தட்டுகள் தாயுடையதை மட்டும் பார்க்கும், பிள்ளையில் எழுதியவை பிள்ளையுடையதை. மெத்தட்டுகளுக்கு இருக்கிற பாலிமார்பிசம் (ஆப்ஜெக்ட்டின் உண்மையான வகையைப் பார்த்து எது ஓட வேண்டும் என்று முடிவாவது) ஃபீல்டுகளுக்குக் கிடையாது, ஜாவாவிலும் சி++-இலும் அப்படித்தான். செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததெல்லாம் உள்ளே நடக்கும் குழப்பம். வெளியிலிருந்து பயன்படுத்துகிறவர் ஏமாறும் வகை இன்னொன்று. தாய் வகை என்று நினைத்து ஒருவர் ஆப்ஜெக்ட்டைக் கையாளுகிறார், அது அப்படி நடந்துகொள்ளவில்லை. கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஒரு உரையில் இதைப் பேசினார், பிறகு 1994-இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து இன்னும் துல்லியமாக எழுதினார்: தாயைப் பற்றி நிரூபிக்க முடிந்தது பிள்ளைக்கும் பொருந்த வேண்டும். வகுப்பறையில் சதுரம், செவ்வகம் என்று இதைச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள், அதனால் அதை விடுங்கள். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே நல்ல உதாரணங்கள் கிடக்கின்றன.

ஜாவாவில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் ஸ்டாக் கிளாஸ் வெக்டர் என்ற பட்டியல் கிளாஸிலிருந்து வருகிறது. ஸ்டாக் என்றால் மேலே வைப்பது, மேலிருந்து எடுப்பது, அவ்வளவுதானே? ஆனால் வெக்டரின் மெத்தட்டுகள் எல்லாம் கூடவே வந்துவிட்டதால் நடுவில் ஒன்றைச் செருகலாம், அடியிலிருந்து ஒன்றை உருவலாம். ஸ்டாக்கில் ஒரு வரி நிரலும் தப்பில்லை. அதேபோல் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸ், பெயரும் மதிப்புமாக ஜோடி ஜோடியாக வைக்கும் ஹேஷ்டேபிளிலிருந்து வருகிறது. உரைச்சரம் மட்டும்தான் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் மரபாக வந்த 'புட்' மெத்தட் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஒரு எண்ணைப் போட்டுவிட்டு 'கெட் ப்ராப்பர்ட்டி' மூலம் கேட்டால் நல் வரும். உள்ளே இருக்கிறது, எண்ணிக்கையில் வருகிறது, கேட்டால் இல்லை என்கிறது.

என் பார்வையில் இவற்றைவிட மோசம் டைம்ஸ்டாம்ப். தேதியையும் நேரத்தையும் வைக்கும் டேட் கிளாஸிலிருந்து வருகிறது, நானோ நொடியைக் கூடச் சேர்த்துக்கொண்டது. டேட்டிடம் "இந்த டைம்ஸ்டாம்ப் உனக்குச் சமமா?" என்று கேட்டால் ஆம் என்று சொல்லக்கூடும். அதே டைம்ஸ்டாம்ப்பிடம் அதே டேட்டைக் காட்டிக் கேட்டால் எப்போதுமே இல்லை என்றுதான் சொல்லும். இரண்டும் கலந்த ஒரு லிஸ்டில் தேடினால் எதை வைத்து எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். இது நிரல் மரபுக்காக (தாயின் நிரலை மறுபடி பயன்படுத்த) மட்டும் வைத்த உறவு, வகை மரபு (தாயின் இடத்தில் பிள்ளையை வைக்கலாம்) என்று கொள்ளாதீர்கள் என்று அதன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பைலர் ஆவணம் படிப்பதில்லையே.

அப்புறம், நீங்கள் எதையுமே மாற்றாமல் இருந்தும் உடைவது. தாய் மாறினால் பிள்ளை உடையும், இதற்கு உடையக்கூடிய தாய் கிளாஸ் பிரச்சினை என்றே பெயர். இதில் எனக்குப் பிடித்த உதாரணம் ஜாவா 8 வந்தபோது நடந்தது. அதற்கு முன் லிஸ்ட் என்ற இன்டர்ஃபேஸில் (என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் வரையறை) 'சார்ட்' என்ற மெத்தட் கிடையாது. கலெக்ஷன்ஸ் கிளாஸில் இருக்கும் 'சார்ட்' மெத்தட்டுக்கு லிஸ்டை அனுப்பித்தான் வரிசைப்படுத்துவோம். ஆகவே சொந்தமாக லிஸ்ட் கிளாஸ் எழுதிய சிலர், வசதிக்காக அதில் 'சார்ட்' என்று ஒரு மெத்தட் வைத்து, உள்ளே கலெக்ஷன்ஸின் 'சார்ட்' மெத்தட்டைக் கூப்பிட்டார்கள். 2014-இல் ஜாவா 8 லிஸ்டிலேயே 'சார்ட்' மெத்தட்டைச் சேர்த்தது, கலெக்ஷன்ஸின் 'சார்ட்' இனி லிஸ்டின் 'சார்ட்' மெத்தட்டைக் கூப்பிடும் என்றும் ஆனது. பெயரும் அளவுருவும் ஒத்துப்போன இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள்: நேற்றுவரை தனி மெத்தட்டாக இருந்தது ஒரே இரவில் ஓவர்ரைடு ஆகிவிட்டது, அது கலெக்ஷன்ஸைக் கூப்பிட, கலெக்ஷன்ஸ் இதைக் கூப்பிட, அழைப்புகளுக்கான நினைவக ஸ்டாக் நிரம்பி நிரல் செத்துவிடும். யாரும் தப்பு செய்யவில்லை. சி ஷார்ப்பில் ஓவர்ரைடு என்றோ நியூ என்றோ வெளிப்படையாக எழுதச் சொல்வது இப்படித் தற்செயலாக ஓவர்ரைடு ஆவதைத் தடுக்கத்தான்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. ஓவர்ரைடு செய்துவிட்டதாக நினைத்திருப்போம், ஆகியிருக்காது. ஜாவாவில் 'ஈக்வல்ஸ்' மெத்தட்டை ஆப்ஜெக்ட் வகையில் வாங்காமல் நம் கிளாஸ் வகையிலேயே வாங்குமாறு எழுதினால் அது ஓவர்லோடு, அதாவது அதே பெயரில் வேறு அளவுருவோடு இன்னொரு மெத்தட். ஜாவாவின் ஹேஷ்மேப் கிளாஸ் அதைக் கூப்பிடவே கூப்பிடாது. சி++-இல் ஒரு கான்ஸ்ட் (ஆப்ஜெக்ட்டை மாற்றாது என்று சொல்லும் சொல்) விடுபட்டாலே போதும், அது வேறு மெத்தட். ஜாவா 5-இல் (2004) வந்த ஓவர்ரைடு குறிப்பும் சி++11-இல் வந்த ஓவர்ரைடு சொல்லும் இதற்காகத்தான். எழுதாமல் விடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை, ஒரு சொல்தானே. சி++-காரர்கள் கூடவே இரண்டைப் பார்க்க வேண்டும்: தாய் வகைச் சுட்டி வழியாகப் பிள்ளை ஆப்ஜெக்ட்டை அழிக்கிறீர்கள் என்றால் தாயின் டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் பகுதி) வர்ச்சுவலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியே பொறுப்பேற்காது; இரண்டாவது, தாய் வகை மாறிக்குப் பிள்ளை ஆப்ஜெக்ட்டை மதிப்பாகக் கொடுத்தால் பிள்ளைக்குரிய பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

டெஸ்டிங்குக்கு வருவோம், உங்கள் கேள்வியின் மறுபாதி அதுதான். "தாயின் மெத்தட்டுகளுக்கு ஏற்கெனவே டெஸ்ட் இருக்கிறது, மறுபடி ஏன்?" என்ற நினைப்பு எல்லாருக்கும் வரும். டிவெய்ன் பெர்ரியும் கெயில் கைசரும் 1990-லேயே அது சரியில்லை என்று காட்டிவிட்டார்கள்: மரபாக வந்த மெத்தட்டைப் பிள்ளையின் சூழலில் மறுபடியும் சோதிக்க வேண்டிவரும், ஏனென்றால் எழுத்து மாறாவிட்டாலும் அது கூப்பிடுவதும் வாசிப்பதும் மாறிவிட்டன. நடைமுறையில் நான் செய்வது, தாயின் டெஸ்டுகளை ஒரு அப்ஸ்ட்ராக்ட் (முழுமையாகாத, பிள்ளைகள் நிரப்ப வேண்டிய) டெஸ்ட் கிளாஸில் வைத்து, ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் வேலையை மட்டும் காலியாக விடுவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன டெஸ்ட் கிளாஸ் அதை நிரப்பும், தாயின் டெஸ்டுகள் அத்தனையும் பிள்ளையின் மீது ஓடும். எந்த டெஸ்டாவது "பிள்ளைக்கு இது பொருந்தாது" என்று நீக்கத் தோன்றினால் நின்று யோசியுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் இன்ஹெரிட்டன்ஸே பொருந்தவில்லை, தாயை ஒரு ஃபீல்டாக உள்ளே வைத்துக்கொண்டு வேண்டியதை மட்டும் வெளியே காட்டியிருக்கலாம்.

கருவிகளும் ஓரளவு உதவும். ஜாவாவுக்கு, நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்பாட்பக்ஸ் இருக்கிறது. ஃபீல்டு மறைப்பையும், தாயின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து கூப்பிடப்பட்டுப் பிள்ளையின் மதிப்பு வைக்காத ஃபீல்டை வாசிக்கும் மெத்தட்டையும் காட்டிக்கொடுக்கும். சி++-க்கான ஜிசிசி கம்பைலரில் வர்ச்சுவல் இல்லாத டிஸ்ட்ரக்டருக்கும் மறைக்கப்பட்ட வர்ச்சுவல் மெத்தட்டுக்கும் தனி எச்சரிக்கைகள் உண்டு, போட்டு விடுங்கள். ஆனால் அந்த 237 வரி விவகாரத்தை இவை எதுவும் பிடிக்காது.

அதைப் பிடிக்க ஒரு தாள் போதும். தாயின் ஃபீல்டுகளை மேலே வரிசையாக எழுதுங்கள், மெத்தட்டுகளைப் பக்கவாட்டில். எந்த மெத்தட் எந்த ஃபீல்டில் எழுதுகிறது, எது வாசிக்கிறது என்று குறியுங்கள். பிறகு நீங்கள் ஓவர்ரைடு செய்த மெத்தட்டின் வரிசையை மட்டும் அடித்துவிட்டுப் பிள்ளையில் இருக்கிறபடி மறுபடி எழுதுங்கள். முன்பு "எழுதுகிறது" என்று இருந்த கட்டம் இப்போது காலியாகவோ, 'சில நேரம் மட்டும்' என்றோ ஆகியிருந்தால், அந்த ஃபீல்டின் பத்தியிலேயே கீழே போய் யார் அதை வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். கை வைக்கவில்லை என்று நீங்கள் சொன்ன அந்த மெத்தட் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். ஓவர்ரைடு செய்த மெத்தட்டை முதலிலும் வாசிக்கும் அந்த மெத்தட்டை அடுத்தும், அதே வரிசையில், பிள்ளை ஆப்ஜெக்ட் ஒன்றின் மீது ஒரே டெஸ்டில் ஓட்டுங்கள். வட்டமான எண் வேண்டாம், 237 மாதிரி ஒன்று கொடுங்கள்.